கல் இருந்த இடத்தில் எலும்பு இல்லை: பில்ல சுர்கம் குகைகள்

கிரானைட் வருவதற்கு முன்னால் நம் வீடுகளில் அடுப்படி மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் கடப்பாக் கல்தான். அதில் எலுமிச்சம்பழத்தை நறுக்கி அப்படியே வைத்துவிட்டால், துடைத்த பிறகும் அந்த இடம் மட்டும் மங்கி வெளுத்துப்போய் நிற்கும். எங்கள் வீட்டு மேடையில் அப்படி ஏழெட்டு வட்டங்கள் இருந்தன. அம்மாவிடம் அதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. கடப்பாக் கல் பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் அது சுண்ணாம்புக்கல். புளிப்பு பட்டால் கரையும்.

அந்த வெள்ளை வட்டம் உருவாவதும் ஒரு குகை உருவாவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாக மாறுகிறது. கல்லில் இருக்கும் விரிசல் வழியே உள்ளே போகிறது. எலுமிச்சை ஒரு மணி நேரத்தில் செய்வதை அது பல லட்சம் ஆண்டுகளில் செய்கிறது. நாம் கடப்பாக் கல் என்று சொல்வதை நிலவியலாளர்கள் நார்ஜி சுண்ணாம்புக்கல் என்பார்கள். கடப்பை மாவட்டத்து நார்ஜி என்ற ஊரின் பெயர். உலகத்தில் எலும்புள்ள பிராணி என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே படிந்த கல் அது. அதே பாறைத் தொகுதி வடக்கே கர்னூல் பக்கம் நீண்டு போகிறது. பெலும் குகைகளைப் பார்க்கப் போனவர்கள் இந்தக் கல்லுக்குள்தான் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாதைகளைப் பார்த்திருப்பார்கள்.

நான் எழுத வந்தது பெலும் பற்றி இல்லை. கூட்டமே இல்லாத, டிக்கெட் கவுண்டர் இல்லாத இன்னொரு இடம். பேதஞ்செர்லா என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் பில்ல சுர்கம் குகைகள். முன்பு கர்னூல் மாவட்டம், 2022 முதல் நந்தியால் மாவட்டம். ஆங்கிலேயர்கள் பெயரை இஷ்டத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். தெலுங்கில் இப்போது பில ஸ்வர்கம் என்று எழுதுவதைப் பார்க்கிறேன். பிலம் நமக்கும் தெரிந்த சொல்தான், பூமிக்குள் போகும் குகை. அந்தப் பக்கத்து மக்கள் பேச்சில் குகைக்கு ‘கவி’ என்கிறார்கள். நம்மூர் தேவாலயங்களில் மாதா கெபி என்று சொல்கிறோமே, அந்தக் கெபியும் குகைதான். இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு.

இந்தக் குகைகளில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற மனிதர் என்ன கண்டுபிடித்தார், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தார் என்பதுதான் என் கேள்வி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 140 வருடமாக முழுசாகத் தீரவில்லை.

ஃபுட்டைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன். 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தவர். 1863 மே 30ஆம் தேதி பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்தது என்பதற்கு முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் மேலும் கருவிகளைக் கண்டார்கள். இந்தக் கதை பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. அதிகம் பேசப்படாத ஒரு தகவல்: ஃபுட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உடன்வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தவர், தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டியவர், தினவர்த்தமானி நடத்தியவர். நாவலருக்கும் பல்லாவரத்துக் கல்லுக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் இடைவெளி! எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்.

சரி, பல்லாவரத்தில் கல் கிடைத்தாயிற்று. பிறகு ஏன் இருபது வருடம் கழித்து ஒரு குகைக்குள் போய் எலும்பு தேடவேண்டும்?

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். கரிமக் கணிப்பு கிடையாது, எந்தக் கணிப்பும் கிடையாது. ஒரு கல்லைத் தட்டிக் கூராக்கியது மனிதன்தான் என்று சொல்லலாம். எப்போது தட்டினான் என்று எப்படிச் சொல்வது? ஆயிரம் வருடமா, லட்சம் வருடமா? கல் பேசாது. இந்த முடிச்சை ஐரோப்பாவில் அவிழ்த்தது ஒரு குகை. இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் பிரிக்ஸம் என்ற ஊரில், 1858இல், வில்லியம் பெங்கெல்லி ஒரு குகையைத் தோண்டினார். தரை முழுக்கச் சுண்ணாம்பு நீர் சொட்டிச் சொட்டி இறுகிப் போட்ட தளம். அதை உடைத்து உள்ளே போனால் இன்று உலகில் இல்லாத விலங்குகளின் எலும்புகளும், மனிதன் செய்த தீக்கல் கருவிகளும் ஒன்றாகக் கிடந்தன. மேலே சிமெண்ட் போட்டு மூடின மாதிரி தளம் இருந்ததால், பிற்காலத்துக் கருவி கீழே விழுந்து கலந்துவிட்டது என்று யாரும் சாக்கு சொல்ல முடியவில்லை. அந்தப் பணியின் பின்னால் நின்றவர்களில் ஹ்யூ ஃபால்கனர் முக்கியமானவர். நம் சிவாலிக் மலையில் தொல்விலங்கு எலும்புகளைத் தோண்டி எடுத்த அதே ஃபால்கனர். அடுத்த வருடமே, 1859இல், மனிதனின் பழமையை லண்டன் அறிவியல் வட்டாரம் ஒப்புக்கொண்டது.

ஆக, அந்தக் காலத்துத் தர்க்கம் இதுதான்: கருவி தனியாகக் கிடைத்தால் வயது தெரியாது, அழிந்துபோன விலங்கின் எலும்போடு சேர்ந்து கிடைத்தால் தெரியும். ஃபுட்டின் பிரச்சினை இங்கேதான். சென்னையைச் சுற்றிக் கற்கருவி அள்ள அள்ளக் கிடைத்தது, கூடவே எலும்பு கிடைப்பது மிக அரிது. காரணம் மண். செம்பூராங்கல் மண் அமிலத்தன்மை உள்ளது, எலும்பைத் தின்றுவிடும். நாங்கள் சின்ன வயதில் முட்டையை வினிகரில் போட்டு ஓடு கரைவதைப் பார்த்தோமே, அதையேதான் அந்த மண் மெதுவாகச் செய்கிறது. பூண்டிக்குப் பக்கத்தில் குடியம் குகை இருக்கிறதே என்று கேட்கலாம். 1962 முதல் 1964 வரை கே.டி. பானர்ஜி தலைமையில் தொல்லியல் துறை அங்கே தோண்டியது, கற்கருவிகள் கிடைத்தன. ஆனால் அது கூழாங்கற்கள் இறுகிய பாறை. எலும்பைக் காப்பாற்றும் வேலையைச் செய்வது சுண்ணாம்புக்கல். அதிலிருந்து சொட்டும் நீர் அமிலத்தை முறித்துவிடும். எலும்பும் சுண்ணாம்புச் சத்துதான் என்பதால் அப்படியே நிற்கும்.

கர்னூல் பக்கத்துக் குகையில் எலும்பு இருப்பது முன்பே தெரிந்த விஷயம். தாமஸ் ஜான் நியூபோல்டு என்ற சென்னை ராணுவ அதிகாரி 1844இல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் பில்ல சுர்கத்தைப் பற்றி எழுதியிருந்தார். எழுதி நாற்பது வருடம் அப்படியே கிடந்தது. 1881இல் சென்னை ஆளுநராக வந்த கிராண்ட் டஃப், டார்வினின் நண்பர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் இங்கே என்ன செய்யலாம் என்று யோசனை கேட்டபோது, அவர் இந்தக் குகைகளைத் தோண்டச் சொன்னார். வேலை ஃபுட்டிடம் வந்தது. அவர் தொடங்கினார், வேறு பணிக்குப் போகவேண்டி வந்ததும் பீரங்கிப் படையில் லெஃப்டினென்டாக இருந்த மகன் ஹென்றி தொடர்ந்தார். அப்பா 1884இலும் 1885இலும் அறிக்கை எழுதினார்.

குகைகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கதீட்ரல், சாப்டர் ஹவுஸ், எலும்புக் கிடங்கு என்று பொருள்படும் சார்னல் ஹவுஸ், அப்புறம் பர்கடரி. கடைசிப் பெயர் கத்தோலிக்கர்கள் சொல்லும் உத்தரிக்கும் ஸ்தலம். உள்ளூர்க்காரர்கள் சொர்க்கம் என்று பெயர் வைத்த இடத்துக்குள் வெள்ளைக்காரர் ஒரு உத்தரிக்கும் ஸ்தலத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். தோண்டிய வெக்கையில் அப்படித் தோன்றியிருக்கும்.

சார்னல் ஹவுஸ் பெயருக்கேற்றபடி கொடுத்தது. ஆயிரக்கணக்கில் எலும்புகள், பற்கள். அவற்றில் ஒரு பகுதியை ஃபுட் கருவி என்று பிரித்தார். ஊசிகள், முள் உள்ள அம்பு முனைகள், முள் இல்லாதவை, குத்துவாள், சுரண்டி, உளி, ஆப்பு, கோடரித் தலை, கைப்பிடி செருகும் குழல் என்று நீளமான பட்டியல். பிரான்சில் பனிக்காலக் குகைகளில் கிடைத்த மக்தலேனிய எலும்புக் கருவிகளோடு ஒப்பிட்டார். ஆனால் ஒரு பெரிய ஓட்டை. எலும்புக் கருவி இவ்வளவு கிடைத்த பழைய அடுக்குகளில் சொல்லும்படியாகக் கற்கருவி இல்லை. எலும்பை அம்பு முனையாகச் செதுக்க ஏதாவது கூரான கல் வேண்டும் இல்லையா? அது எங்கே?

சென்னையில் கல் இருந்தது, எலும்பு இல்லை. கர்னூலில் எலும்பு இருந்தது, கல் இல்லை. இருபது வருடம் தேடிய மனிதருக்கு இப்படி ஒரு விடை!

விலங்கு எலும்புகள் லண்டனில் ரிச்சர்ட் லைடெக்கரிடம் போயின. 1886இல் அவர் கர்னூல் குகை விலங்குகள் பற்றித் தனி நூலே எழுதினார். கர்னூல் பெயரிலேயே ஒரு காண்டாமிருகம், ஒரு பன்றி, ஒரு புனுகுப்பூனை என்று புது இனங்களுக்குப் பெயர் சூட்டினார். அவர் பட்டியலில் எல்லோர் கண்ணையும் உறுத்தியது வேறு. புள்ளிக் கழுதைப்புலி, காட்டுக்கழுதை, பபூன் குரங்கு, ராட்சத அழுங்கு. நான்கும் ஆப்பிரிக்க வாசனை அடிக்கும் பிராணிகள். கர்னூலில் இவற்றுக்கு என்ன வேலை?

கழுதைப்புலி என்ற சொல்லைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே அந்தப் பட்டியலில் சாதாரணமாக இருந்த இன்னொன்றையும்: முள்ளம்பன்றி.

ஃபுட் பிரித்து வைத்த எலும்புக் கருவிகள் என்ன ஆயின? தொலைந்துவிட்டன. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் தேடியபோது அகப்படவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த கல்லும் பானையும் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து, 1914இலும் 1916இலும் விவரமான பட்டியலாகவே அச்சாகி, இன்றும் எழும்பூரில் இருக்கின்றன. மிகவும் சர்ச்சைக்கு உரிய பொருள் மட்டும் இல்லை. என் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. வாடிக்கையாளர் ஒரு பிழையை அருமையாக விவரித்து எழுதுவார், லாக் ஃபைல் மட்டும் அழிந்திருக்கும். அவர் சொல்வதை நம்பவும் முடியாது, பொய் என்று தள்ளவும் முடியாது. அறிக்கையைத் திரும்பத் திரும்பப் படிப்பதைத் தவிர வழியில்லை.

ஃபுட்டுக்கு எதிரான வழக்கை யாராவது நடத்தினால் எப்படி நடத்துவார்கள் என்று பார்க்க, தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு நிமிடம் போய்வர வேண்டும். அங்கே மகாபன்ஸ்காட் குகையில் குவியல் குவியலாக உடைந்த விலங்கு எலும்புகள். ரேமண்ட் டார்ட் சாமானிய ஆள் இல்லை, டாங் குழந்தையின் மண்டையோட்டை அடையாளம் கண்டவர். அவர் அந்த எலும்புகளைப் பார்த்துவிட்டு, இவை குரங்குமனிதர்களின் ஆயுதங்கள், கல்லுக்கு முன்னால் எலும்பும் பல்லும் கொம்பும்தான் கருவி என்று 1957இல் ஒரு கோட்பாடே எழுதினார். தொடை எலும்பு கதாயுதம், தாடை எலும்பு ரம்பம். ராபர்ட் ஆர்ட்ரியின் புத்தகம் வழியாக இது உலகம் பூராவும் பரவியது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001’ படத்தில் முதல் காட்சியில் குரங்கு எலும்பைத் தூக்கி அடிப்பது இந்தக் கோட்பாட்டின் பேரப்பிள்ளைதான்.

சி.கே. பிரெய்ன் என்பவர் இதைச் சோதிக்க நினைத்தார். நமீபியாவில் குய்செப் ஆற்றங்கரைக் கிராமங்களுக்குப் போய், மக்கள் ஆட்டைத் தின்றுவிட்டுப் போட்ட எலும்புகளை, நாய்கள் மென்றது போக மிஞ்சியதைப் பொறுக்கி எண்ணினார். எந்த எலும்பு மிஞ்சுகிறது, எது காணாமல் போகிறது என்ற விகிதம் ஏறக்குறைய மகாபன்ஸ்காட் விகிதமாகவே இருந்தது! கெட்டியான எலும்பு தங்கும், மெல்லியது போய்விடும், அவ்வளவுதான். யாரும் ஆயுதம் தேர்ந்தெடுக்கவில்லை. பிறகு கழுதைப்புலி, சிறுத்தை, முள்ளம்பன்றி ஒவ்வொன்றும் எலும்பை என்ன செய்கிறது என்று வருடக்கணக்கில் பார்த்து 1981இல் எழுதினார். டார்ட்டின் ஆயுதச்சாலை கழுதைப்புலியின் சாப்பாட்டு அறையாகிவிட்டது.

இதை வாசித்த பிறகு ஃபுட்டின் பட்டியலைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். குழல், ஆப்பு, உளி இதெல்லாம் கழுதைப்புலி இரண்டு முனையையும் கடித்துத் தின்றுவிட்டுப் போட்ட நடுத்தண்டு எலும்பாக இருக்கலாமே? லைடெக்கர் அதே குகையில் கழுதைப்புலி இருந்தது என்று சொல்லிவிட்டாரே?

இந்தக் கேள்வியோடுதான் இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு டிசம்பரில் அங்கே போனேன். ஆபீஸில் கூட வேலை செய்யும் தெலுங்கு நண்பர் துணைக்கு வந்தார். பேதஞ்செர்லாவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கல் குவாரிதான். தரைக்குப் போடும் பலகைக்கல் அறுத்து, உடைந்தது போக மிச்சத்தைச் சாலையோரம் மலைபோலக் குவித்திருக்கிறார்கள். குகை என்றதும் நான் இருட்டுச் சுரங்கத்தைக் கற்பனை செய்திருந்தேன். அப்படி இல்லை. கூரை எப்போதோ இடிந்து, வானம் தெரியும் செங்குத்தான பள்ளங்களாக இருக்கிறது. அந்தப் பள்ளங்களின் பக்கச் சுவர்களில் குகை வாய்கள். உள்ளே செம்மண். சுவரில் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒழுகிய தடம்.

ஒரு சின்னப் பொந்துக்குப் பக்கத்தில் ஆட்டின் கால் எலும்பு ஒன்று கிடந்தது. புதுசு, ஒன்றிரண்டு வருடம் இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க அகலமான, தட்டையான வரிகள், ஒன்றையொட்டி ஒன்று. உளியால் இழைத்த மாதிரி அவ்வளவு ஒழுங்கு. முனை சரிவாகச் சீவி கூராக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் ‘கற்காலம்’ என்று எழுதியிருந்தால் கேள்வி கேட்காமல் நகர்ந்திருப்பேன். ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் அதைக் காட்டிக் கேட்டதும், “முள்ளபந்தி சார்” என்றார். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. முள்ளம்பன்றிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்த்தால்தான் அளவோடு நிற்கும், எலும்பில் இருக்கும் சத்தும் வேண்டும். அதற்காகவே காய்ந்த எலும்புகளைத் தூக்கிவந்து பொந்தில் வைத்துக்கொண்டு கரண்டும். படம் எடுத்துக்கொண்டு எலும்பைக் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அப்படியென்றால் ஃபுட் ஏமாந்துவிட்டாரா? அங்கேயே உட்கார்ந்து அப்படித்தான் நினைத்தேன். ஊருக்கு வந்து எம்.எல்.கே. மூர்த்தியின் கட்டுரைகளை மறுபடி எடுத்த பிறகு அவ்வளவு சுலபமில்லை என்று தோன்றியது.

மூர்த்தி ரேணிகுண்டாவைச் சுற்றி வேலை செய்தவர். திருப்பதிக்கு ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே பார்க்கிறோமே, அதே ரேணிகுண்டா. நீளமான கத்தி போன்ற கற்செதில்களும் அவற்றில் செதுக்கிய உளி முனைகளும் கொண்ட மேல் பழைய கற்காலப் பண்பாடு ஒன்று அங்கே இருந்தது என்று காட்டினார். அதாவது எலும்பைச் செதுக்குவதற்கு ஏற்ற கல் கருவி செய்யத் தெரிந்த மக்கள் தென்னிந்தியாவில் இருந்தார்கள், திறந்த வெளியில். இதன் சாடை காமியேடு என்ற அரசு அதிகாரி கர்னூல், நல்லமலைப் பக்கத்தில் பொறுக்கிய கற்களிலேயே தெரிந்திருந்தது. அவரும் பர்கிட்டும் 1930இல் எழுதியிருக்கிறார்கள். பிறகு 1970களில் மூர்த்தி பேதஞ்செர்லாப் பகுதியிலேயே முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையைத் தோண்டினார். பெயரில் வருவது சிந்தமானு, அதாவது புளியமரம்.

அங்கே கிடைத்தவை இந்த வழக்கையே மாற்றுகின்றன. எலும்புக் கருவிகளோடு கற்கருவிகளும் ஒரே அடுக்கில் இருந்தன. எலும்பு மிக அதிகம், பத்துக்கு ஒன்பது என்ற அளவில், கல் கொஞ்சம்தான். ஆனால் இருந்தது. இன்னும் முக்கியமாக ஓர் அடுப்பு இருந்தது. நெருப்பு சுட்ட மண்ணை வெப்ப ஒளிர்வு முறையில் கணித்து நம்பியும் மூர்த்தியும் 1983இல் வெளியிட்டார்கள்: சுமார் 17,000 ஆண்டுகள். முள்ளம்பன்றி எலும்பைக் கரண்டும், கழுதைப்புலி உடைக்கும், இரண்டும் அடுப்பு மூட்டாது. அதே காலகட்டத்தில் திம்மா ரெட்டி பில்ல சுர்கத்தையே மறுபடி தோண்டி, மேல் பழைய கற்கால மக்கள் அங்கேயும் இருந்தார்கள் என்று எழுதினார்.

ஆக, கல் ஏன் குறைவு என்பதற்கு என் விளக்கம் இது. குகையைச் சுற்றி இருப்பது சுண்ணாம்புக்கல். அதைத் தட்டினால் நல்ல கூர் நிற்காது. நல்ல கல்லைத் தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கொண்டுவந்ததை யாரும் குகையில் போட்டுவிட்டுப் போக மாட்டான், எடுத்துக்கொண்டுதான் போவான். நாம்கூட வெளியூருக்கு ஸ்குரூ டிரைவர் எடுத்துப் போனால் மறக்காமல் திரும்பக் கொண்டு வருகிறோம். அங்கே செய்த முளைக்குச்சியை விட்டுவிடுகிறோம். எலும்பு அந்த இடத்திலேயே கிடைத்தது, அந்த இடத்திலேயே தங்கியது. இதைச் சரிபார்க்கக் குகைக்கு வெளியே பார்க்கவேண்டும். பார்த்திருக்கிறார்கள். அதே பகுதியில் ஜ்வாலாபுரத்தில் ஒரு பாறை ஒதுக்கில் சுமார் 35,000 ஆண்டுகளுக்கு முன்னாலிருந்தே நுண்கற்கருவிகள் தொடர்ச்சியாகக் கிடைத்திருக்கின்றன. அதே ஜ்வாலாபுரத்தில்தான் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவில் வெடித்த தோபா எரிமலையின் சாம்பலுக்கு மேலும் கீழும் கற்கருவிகள் கிடைத்து 2007இல் உலகச் செய்தி ஆனது. மனிதர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தார்கள். குகைக்குள் அவ்வப்போது வந்து போனார்கள். மிச்ச நாளில் குகை கழுதைப்புலிக்கும் முள்ளம்பன்றிக்கும் சொந்தம்.

அதனால் ஃபுட்டின் பட்டியலில் பாதி மனிதன், பாதி மிருகம் என்பது என் ஊகம். குழல், ஆப்பு, கோடரித் தலை இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. முள் வைத்த அம்பு முனை என்று அவர் சொல்வது வேறு சங்கதி. எந்த மிருகமும் ஒரு எலும்பில் பின்னோக்கிய முள் செதுக்காது. அதில் ஒரே ஒரு துண்டு கிடைத்தாலும் நுண்ணோக்கியின் கீழ் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். கல்லால் கீறிய கோடு ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரி இறங்கும், உள்ளே மெல்லிய கீறல்கள் ஓடும். பல் கரண்டிய தடம் அடி தட்டையாக அகலமாக இருக்கும். ஆட்டு எலும்பில் நான் வெறும் கண்ணாலேயே பார்த்தேன்.

தந்தையும் மகனும் செய்ததில் வேறொன்று எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது. எந்தக் குகையில், எவ்வளவு ஆழத்தில் என்று அவர்கள் விவரமாக எழுதி வைத்திருந்தார்கள். ரவி கோரிசெட்டர், மைக்கேல் பெட்ராலியா குழுவினர் இந்த நூற்றாண்டில் அங்கே திரும்பிப் போனபோது அந்தக் குறிப்புகளோடுதான் போனார்கள். 2010இல் அவர்கள் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே ஃபுட்டின் அடிச்சுவட்டில் என்ற பொருளில்தான். 2014இல் பேட்ரிக் ராபர்ட்ஸும் மற்றவர்களும் வெளியிட்டது லைடெக்கரின் கேள்விக்கு ஒரு பதில். புதிய கணிப்பு முறைகளில் பில்ல சுர்கத்தின் படிவுகள் சுமார் 2,00,000 ஆண்டுகள் வரை பின்னோக்கிப் போகின்றன. அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில் 20 அழியாமல் தொடர்ந்திருக்கின்றன. காணாமல் போனது ஒன்றே ஒன்று: இன்று எத்தியோப்பிய மலைகளில் மட்டும் இருக்கும் கெலாடா குரங்கின் உறவுக்காரன். ஆப்பிரிக்க வாசனை உள்ள குரங்கு ஒன்று இங்கே இருந்தது உண்மைதான்.

ஃபுட் 1883இல் எதிர்பார்த்ததற்கு இது நேர் எதிர். பிரிக்ஸம் மாதிரி, அழிந்துபோன விலங்குகளோடு மனிதனைச் சேர்த்துப் பார்க்கத்தான் அவரை அனுப்பினார்கள். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மனிதன் வந்ததை ஒட்டியோ, தட்பவெப்பம் மாறியோ பெரிய விலங்குகள் கூட்டமாக அழிந்தன. கர்னூலில் அந்தக் கதை இல்லை. தோபா வெடித்தது, பனியுகம் வந்து போனது, மனிதர்கள் வந்தார்கள், விலங்குகளும் இருந்தன. காடு, புல்வெளி, பள்ளத்தாக்கு என்று பலவகை நிலம் பக்கம் பக்கமாக இருந்து, ஒன்று காய்ந்தால் இன்னொன்றுக்கு நகர வழி இருந்ததே காரணம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. வழி இப்போது எவ்வளவு மிச்சம் என்று பேதஞ்செர்லா சாலையோரக் கல் குவியல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் எழும்பூர் போயிருந்தபோது ஃபுட்டின் கற்களை மறுபடி பார்த்தேன். அவருடைய எலும்புக் கருவிகள் ஏதாவது பெட்டியில் தப்பியிருக்குமா என்று எனக்கு இன்னமும் ஒரு நப்பாசை. ஆட்டு எலும்பின் படம் கைப்பேசியில் இருக்கிறது. கல்லூரி நண்பன் ஒருவனுக்கு எதுவும் எழுதாமல் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “செம கருவிடா, எந்தக் காலம்?”